தம்பியைத் திருப்பி அனுப்பிய தேர்வும் அக்காவின் கேள்வியும்

வாசகர் கேள்வி: அக்கா, எம்.எஸ்சி. உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன், திருநெல்வேலிப் பக்கம் ஊர். என் தம்பி எஸ்எஸ்பிக்கு, அதாவது முப்படை அதிகாரிகளை எடுக்கும் தேர்வு வாரியத்துக்குப் போய் ஐந்து நாளும் தாக்குப்பிடித்து, கடைசி நாள் கான்ஃபரன்ஸ் முடிந்து பெயர் வராமல் திரும்பி வந்தான். ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வரிகூட யாரும் சொல்லவில்லை. அவன் அழுததைப் பார்த்த பிறகு, இந்தத் தேர்வுகளை யார் தயாரிக்கிறார்கள், எதை வைத்து ஒருவனை வேண்டாம் என்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். இப்போது அந்த வேலைக்கே போகலாமா என்று தோன்றுகிறது. வீட்டில் கவுன்சலிங் போ, இல்லாவிட்டால் கிளினிக்கல் போ என்கிறார்கள். எனக்குக் கணக்கு என்றால் பயம். அதோடு, தம்பி மாதிரிப் பையன்களைத் தள்ளிவிடும் வேலையை மனசாட்சியோடு செய்ய முடியுமா?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கு முதல் கேள்வியாகப் படுகிறது. இருபது வருடங்களாகக் கேள்விகள் தயாரிப்பதும், அவை அளக்க வேண்டியதைத்தான் அளக்கின்றனவா என்று பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அதில் பாதிக்கு மேல் சீருடைப் பணிகளுக்கான ஆள்சேர்ப்பு. இத்தனை வருடத்தில் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு எழுதியவர்களில், தள்ளப்பட்டவர்களை நினைத்துக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தம்பி பார்த்த உளவியலாளர் வேறு, நீங்கள் ஆக நினைக்கும் ஆள் வேறு. எஸ்எஸ்பியில் இரண்டாம் நாள் படம் காட்டிக் கதை எழுதச் சொல்கிறார்களே, முப்பது நொடி படம், நான்கு நிமிடம் கதை, மொத்தம் பன்னிரண்டு, கடைசியில் ஒரு வெற்றுத் திரை. அப்புறம் பதினைந்து நொடிக்கு ஒரு வார்த்தை என்று அறுபது வார்த்தைகள், அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகள், கடைசியாகத் தன்னைப் பற்றிய குறிப்பு. அந்தத் தாள்களைப் படித்து மதிப்பிடுகிறவர் வாரியத்தின் உளவியலாளர். நேர்காணல் செய்யும் அதிகாரியும், மைதானத்தில் குழுப்பணிகளைப் பார்க்கும் ஜிடிஓவும் தனித்தனியாக அதே பையனை அதே பதினைந்து குணங்களுக்கு மதிப்பிடுகிறார்கள். மூவரும் கான்ஃபரன்ஸ் அறையில்தான் ஒன்றுசேருகிறார்கள்.

அந்தப் படங்கள் இன்னும் வேலை செய்கின்றனவா, அந்தப் பதினைந்து குணங்கள் பின்னாளில் நல்ல அதிகாரியாக இருப்பதோடு உண்மையிலேயே ஒட்டுகின்றனவா, இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே தாளைப் படித்தால் பக்கத்துப் பக்கத்து மதிப்பெண் தருகிறார்களா என்று பார்க்க வேண்டியது இன்னொருவர். அவர்தான் சைக்கோமெட்ரிக் ஆராய்ச்சியாளர். இந்தியாவில் இதற்கான மைய இடம் டெல்லி திமார்பூரில் இருக்கும் டிஐபிஆர், அதாவது பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் உளவியல் ஆய்வகம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் 1942ல் தொடங்கிய தேர்வு வாரிய முறையை 1943ல் டேராடூனில் ஒரு சோதனை வாரியம் வைத்து இங்கே பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இது. வாரியங்களில் உட்காரும் மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி தருவதும் அங்கேதான்.

சரி, மனசாட்சிக்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க விமானப்படையில் விமானி பயிற்சிக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வுத் தொகுப்பு வைத்திருந்தார்கள். ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளரின் தலைமையில் நடந்த வேலை. அதில் ஒருமுறை, வேறு யாரும் சுலபத்தில் துணியாத ஒன்றைச் செய்தார்கள். 1036 பேருக்குத் தேர்வு வைத்தார்கள், மதிப்பெண்ணைப் பூட்டி வைத்துவிட்டு, என்ன மதிப்பெண் எடுத்திருந்தாலும் பரவாயில்லை என்று அத்தனை பேரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பிறகு பயிற்சியை முடித்தவர் யார், முடிக்காதவர் யார் என்று பார்த்தார்கள். மொத்த மதிப்பெண்ணுக்கும் பயிற்சி முடிவுக்கும் இருந்த ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்), 0.64. எங்கள் தொழிலில் இது மிகப் பெரிய எண். இதே தரவில், பின்னாளில் வந்த கடுமையான கட்-ஆஃபைத் தாண்டியிருக்கக்கூடிய 136 பேரை மட்டும் எடுத்து அதே கணக்கைப் போட்டால் 0.18. கையும் காலும் சேர்ந்து இயங்குவதை அளந்த ஒரு கருவித் தேர்வு, 0.40லிருந்து பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. தேர்வும் மாறவில்லை, பையன்களும் மாறவில்லை. ஜெயித்தவர்களை மட்டும் பார்த்ததால், நல்ல தேர்வு உதவாக்கரை மாதிரித் தெரிந்தது.

இதை நான் முதன்முதலில் படித்த அன்று ராத்திரி தூங்கவில்லை. ஏனென்றால் நாங்கள் தினமும் பார்ப்பது அந்த 136 பேரை மட்டும்தான். மீதி 900 பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நல்ல விமானி ஆகியிருப்பார்கள் என்று எந்தக் கோப்பும் சொல்லாது. உங்கள் தம்பி அந்தக் கோப்பில் இல்லாத ஆள். நீங்கள் இந்த வேலைக்கு வந்தால், பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும், அந்தக் கோப்பில் இல்லாதவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். தள்ளிவிடும் முடிவு எப்படியும் எடுக்கப்படும். பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் வந்தால் யாராவது யாரையாவது தள்ளத்தான் வேண்டும். அதை ஒருவருடைய மூக்கு, முகம், ஊர், பேச்சு பார்த்துச் செய்வதா, பிழையின் அளவு தெரிந்த ஒரு கருவியை வைத்துச் செய்வதா என்பதுதான் கேள்வி. ஆகவே மனசாட்சி இருப்பவர்கள் வர வேண்டிய இடம் இது என்றே நான் நினைக்கிறேன்.

கருவி தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு தேர்வுகளைத் தயாரித்து சுமார் 17 லட்சம் பேருக்கு வைத்தார்கள். ஆல்ஃபா படிக்கத் தெரிந்தவர்களுக்கு, பீட்டா எழுத்தறிவில்லாதவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும். பீட்டாவில் ஒரு பகுதி, படத்தில் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து வரைவது. டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை. கிராமஃபோனில் குழல் இல்லை. மின்விளக்கில் இழை இல்லை. கப்பலிலிருந்து இறங்கி அதிக நாள் ஆகாத, டென்னிஸ் மைதானத்தையே பார்த்திராத ஒருவரின் அறிவை இப்படி அளந்தார்கள். இந்தத் தரவை வைத்து கார்ல் பிரிகம் என்ற உளவியலாளர் 1923ல் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த மக்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று புத்தகமே எழுதினார். 1930ல் அவரே அந்த முடிவுகளைத் திரும்பப் பெற்றார். நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இடையில் ஏழு வருடம் போய்விட்டது.

நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்று விட்டுவிட முடியாது. எனக்கே நடந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், இயந்திர அறிவுக்கான ஒரு தேர்வில் நான் எழுதிய கேள்வி ஒன்று. கார் ஜாக்கியின் படம் போட்டு, கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்றினால் வண்டி ஏறும் என்று கேட்டிருந்தேன். எனக்குப் பெருமையான கேள்வி. மொத்த மதிப்பெண்ணோடு நன்றாகவே ஒட்டியது, மேலதிகாரியும் நல்ல கேள்வி என்றார். ஒரு சீனியர் அக்கா மட்டும், ஒரே மொத்த மதிப்பெண் எடுத்த ஆண்களையும் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த ஒரு கேள்வியை மட்டும் பார் என்றார். பார்த்தேன். மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்த பெண்கள் இதில் மட்டும் கீழே கிடந்தார்கள். அதே தாளில் கிணற்று ராட்டினத்தைப் பற்றிய கேள்வியில் அப்படி எதுவும் இல்லை. தண்ணீர் இறைத்த கைகளுக்குக் கப்பி தெரியும், ஜாக்கியை யாரும் அவர்கள் கையில் கொடுத்திருக்கவில்லை. நான் அளந்தது இயந்திர அறிவை இல்லை, பஞ்சரான டயரைச் சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்து மாற்றிய அனுபவத்தை. கேள்வியை எடுத்தோம். எடுப்பதற்கு முன்னால் அது ஒரு சுற்று உண்மையான தேர்வில் போய் வந்திருந்தது என்பது இன்னும் உறுத்துகிறது.

2022ல்தான் தேசிய பாதுகாப்பு அகாடமியான என்டிஏவுக்குள் பெண்கள் வந்தார்கள். இப்படி ஒரு புதிய கூட்டம் உள்ளே வரும் ஒவ்வொரு முறையும், பழைய படங்களையும் பழைய சூழ்நிலைகளையும் பழைய ஒப்பீட்டு அளவுகளையும் யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பொறுமையான, பெயர் வெளியே வராத வேலை. உங்கள் தலைமுறைக்கு இது நிறைய இருக்கிறது.

அடுத்தது கணக்கு. இதில் ஆறுதல் சொல்ல மாட்டேன், கணக்கு வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படும் கணக்கு இது இல்லை என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதத்தை மறந்திருந்தால் பரவாயில்லை. சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, ரிக்ரஷன் இவை விரல் நுனியில் இருக்க வேண்டும். சூத்திரம் மனப்பாடமாக இருந்தால் போதாது, 0.3 என்று கண்ணில் பட்டால் அதன் பின்னால் எத்தனை பேர் தவறாக உள்ளே வருவார்கள், எத்தனை பேர் தவறாக வெளியே போவார்கள் என்று மனதில் படம் ஓட வேண்டும். அதற்கு மேல், எந்தெந்தக் கேள்விகள் ஒரே குணத்தை அளக்கின்றன என்று பிரித்துப் பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு, ஒவ்வொரு கேள்விக்கும் வரும் பதிலைக் கணக்காக்கும் ஐஆர்டி. ஐஆர்டியின் பாதி வேர் ராணுவத்தில்தான் இருக்கிறது தெரியுமா? டென்மார்க்கின் ஜார்ஜ் ராஷ் 1950களில் அந்த நாட்டு ராணுவத்தின் அறிவுத்திறன் தேர்வுத் தரவை அலசிக்கொண்டிருந்தபோது உருவானதுதான் இன்று அவர் பெயரில் இருக்கும் மாடல். ஒருவரின் திறனையும் ஒரு கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைத்துவிட்டால், யார் எந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடலாம். அமெரிக்க ராணுவத்தின் ஏஎஸ்விஏபி தேர்வு 1990களில் கம்ப்யூட்டரில், ஆளுக்குத் தகுந்தபடி கேள்வி மாறும் முறைக்குப் போனதும் இந்த வகைக் கணக்கை வைத்துத்தான்.

கணக்கில் கவனம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே ஏஎஸ்விஏபிதான் பாடம். 1976ல் புதிய வினாத்தாள்கள் வந்தன. புதிய தாளின் மதிப்பெண்ணைப் பழைய தாளின் அளவுக்குச் சமன்படுத்தும் அட்டவணையில் பிழை. கீழ்மட்டத்தில் இருந்தவர்களுக்கு உண்மையை விட அதிக மதிப்பெண் விழுந்தது. 1980 வரை இப்படியே ஓடி, தகுதிக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய லட்சக்கணக்கானோர் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்கள். பயிற்சியாளர்கள், வருகிற பையன்கள் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மதிப்பெண் பட்டியலோ எல்லாம் நன்றாக இருப்பதாகக் காட்டியது. அப்புறம்தான் 1980ல் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 12,000 இளைஞர்களுக்கு வைத்துப் பார்த்துப் புதிய ஒப்பீட்டு அளவை உண்டாக்கினார்கள். அதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது 1944ஆம் வருடத்துச் சிப்பாய்களோடு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஒரு அட்டவணை தவறு, அவ்வளவுதான்.

கணக்கை விட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று: நம் கண்ணை நாமே நம்பாமல் இருப்பது. 1955 வாக்கில் இஸ்ரேல் ராணுவத்தில் இருபத்தொரு வயது டேனியல் கானமனுக்கு வேலை, அதிகாரிப் பயிற்சிக்கு வந்தவர்களை மதிப்பிடுவது. எட்டுப் பேர், ஒரு நீளமான மரத்தடி, ஒரு சுவர்; மரம் தரையிலும் சுவரிலும் படாமல் எல்லோரும் அந்தப் பக்கம் போக வேண்டும். நம் எஸ்எஸ்பி ஜிடிஓ மைதானத்தின் உறவுக்காரப் பணிதான் இது, வேர் அதே பிரிட்டிஷ் முறை. யார் தலைவன், யார் பயந்தவன் என்று பார்த்துக்கொண்டிருந்த மதிப்பீட்டாளர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த தகவலோடு ஒப்பிட்டால், குத்துமதிப்பாகச் சொல்வதை விடக் கொஞ்சம்தான் மேல். இங்கேயும் தேர்வாகிப் போனவர்களைப் பற்றித்தான் தகவல் வந்திருக்கும் என்பதை மேலே சொன்ன விமானிகள் கதையோடு சேர்த்துப் பாருங்கள். கானமன் அதோடு நிற்கவில்லை. சிப்பாய்களுக்கான நேர்காணலை மாற்றி அமைத்தார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைக் கேட்கும் கேள்விகள், ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. பழையதை விட அது நன்றாகவே வேலை செய்தது. நேர்காணல் செய்தவர்கள் எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார்களாம். நீங்கள் வேலைக்கு வந்தால் இதே சண்டை உங்களுக்கும் வரும், உங்களை விட வயதிலும் பதவியிலும் பெரியவர்களோடு. தயாராக இருங்கள்.

இனி நடைமுறை. டிஆர்டிஓவில் சயின்டிஸ்ட் 'பி' பதவிக்கு அதன் ஆள்சேர்ப்பு மையமான ஆர்ஏசி மூலம் ஆள் எடுக்கிறார்கள், உளவியல் எல்லா வருட அறிவிப்பிலும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், வந்தாலும் இடங்கள் கொஞ்சம்தான். சம்பள நிலை 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். கேட் தேர்வில் 2021லிருந்து எக்ஸ்எச் என்ற தாளில் உளவியல் ஒரு பிரிவு, அதை எழுதுங்கள். யுஜிசி நெட் தேர்வும் எழுதுங்கள். நெட் இருந்தால் ஆய்வகத்தில் ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளர் ஆகப் போகலாம், மாதம் 37,000 ரூபாய், அதோடு பிஎச்டி. பலர் உள்ளே நுழைந்த கதவு அதுதான். வீட்டில் சொல்லும் கிளினிக்கல் பாதைக்குத்தான் ஆர்சிஐ என்ற மறுவாழ்வுக் கவுன்சிலின் உரிமம் வேண்டும், இதற்கு வேண்டாம். அந்தப் படிப்பைப் படித்துவிட்டு இங்கே வரலாம் என்று நினைத்தால் இரண்டு வருடம் வேறு திசையில் போகும், அவ்வளவுதான்.

ராணுவம் ஒன்றையே நம்பி உட்காராதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான லக்னோ ஆர்டிஎஸ்ஓவில் உளவியல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. துணை லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநரின் உதவியாளர் ஆகப் போகும் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டரில் எழுதும் மனத்திறன் தேர்வு அவர்கள் பொறுப்பு, ஒவ்வொரு பகுதியிலும் டி-மதிப்பெண் (சராசரியை 50 என்று வைத்து மாற்றிய மதிப்பெண்) 42 எடுத்தாக வேண்டும், எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. பெரிய ஆன்லைன் தேர்வுகளில் பல ஷிஃப்டுகளின் மதிப்பெண்ணைச் சமன்படுத்தும் வேலையும், தனியார் மதிப்பீட்டு நிறுவனங்களின் வேலையும் இதே படிப்புக்குத்தான். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற கம்ப்யூட்டர் மொழியை இந்த வருடமே ஆரம்பித்துவிடுங்கள், இலவசம்.

ராணுவப் பக்கம் வந்தால் ஒரு விலை இருக்கிறது. செய்த நல்ல வேலையை வெளியே சொல்ல முடியாது. கட்டுரை போட முடியாது, அல்லது பாதியை மறைத்துப் போட வேண்டும். உங்கள் தம்பி மறுபடி போகும்போது உங்களுக்குத் தெரிந்த ஒன்றையும் அவனிடம் சொல்ல முடியாது. அப்புறம், சில தேர்வுகளின் கனம் தனி. விமானப்படையில் விமானி பிரிவுக்கான சிபிஎஸ்எஸ் என்ற கம்ப்யூட்டர் வழித் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம், தவறினால் ராணுவ விமானியாகும் வழி அதோடு முடிந்தது. அப்படிப்பட்ட ஒரு கோட்டை எங்கே போடுவது என்று உட்கார்ந்து விவாதிக்கும் அறையில் நீங்கள் இருப்பீர்கள். கோட்டுக்கு அரை மதிப்பெண் கீழே இருப்பவனுக்கும் அரை மதிப்பெண் மேலே இருப்பவனுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே போட வேண்டும். அதைத் தெரிந்தவர் போடுவது நல்லது.

சேர்வதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். எம்.எஸ்சி. ஆய்வுக்கு ஏதாவது வினாநிரல் கொடுத்து வாங்கியிருப்பீர்கள். பெரும்பாலானவர்கள் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டி, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டு முடித்துவிடுவார்கள். நீங்கள் அந்தத் தரவை மறுபடி திறந்து ஒவ்வொரு கேள்வியாக எடுங்கள். அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு மீதியைக் கூட்டி, அதோடு இதன் ஒட்டுறவைப் பாருங்கள். எக்செல்லே போதும். பூஜ்யத்துக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ ஒரு கேள்வி கிடைக்க வாய்ப்பு அதிகம். அதைத் தமிழில் நான்கு பேரிடம் வாசித்துக் காட்டி, உங்களுக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். அந்த நான்கு பதில்களைக் கேட்கும்போது உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, இல்லை அடுத்த கேள்விக்குப் போகக் கை துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன படிப்பது என்று சொல்கிறேன்.

தம்பிக்கு இன்னும் வயது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மறுபடி போகச் சொல்லுங்கள். முதல் தடவை திரும்பி வந்து பிறகு தேர்வானவர்கள் எல்லா வருடமும் இருக்கிறார்கள். ஐந்து நாளில் மூன்று பேர் எடுத்த அளவு அது, பிழை இல்லாத அளவு என்று எதுவும் கிடையாது. ஒன்று மட்டும்: கோச்சிங் வகுப்புகளில் பிள்ளைகள் பயிற்சிக்கு எழுதிய கதைத்தாள்களை நான் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன், எந்தப் படம் காட்டினாலும் ஆற்றில் மூழ்கும் குழந்தையை ஒருவன் குதித்துக் காப்பாற்றுகிறான். நாற்பதாவது தாளில் எழுதியவன் யார் என்றே தெரியாமல் போய்விடும். அவன் ஊரில், அவன் வீட்டில், அவன் பார்த்த ஆட்களை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா